நாற்சந்தியில் நின்ற நீலப்படைத் தளபதி

வாழ்க டெல்பர்ட் பென்னர். வடதுருவக் காற்று வந்து முட்டினும் வளையாத மீசையோன். இடுப்பளவுப் பனியை ஒரே மூச்சில் வாரியெறியும் தோளினன். கனடாவின் மானிட்டோபாச் சமவெளியின் நெற்றித் திலகமாம் வில்லோபெண்ட் ஊரில், வீட்டு முன்றில்களில் நடப்படும் நீலக் கட்சியின் தேர்தல் பலகைகளுக்கெல்லாம் தனிப்பெருந் தளபதி. அவன் பொருத களம் இது.

தலைநகர் ஒட்டாவாவில் அரசு கவிழப்போகிறது, கவிழப்போகிறது என்று குளிர்காலம் முழுவதும் முரசறைந்தார்கள். ஒவ்வொரு முறையும் எவரோ ஒருவர் கடைசி நொடியில் முட்டுக்கொடுக்க, அதுவும் சாய்ந்தபடியே நின்றது. பலகைகளோ கொட்டகை இருளில், உறையிலிட்ட வாள்களாய் உறங்கின. ஆயினும் நாடாளுமன்றத்தையா நாடியது டெல்பர்ட்டின் நெஞ்சம்? இல்லை. அது நாடியது ஒரு மூலைப் புல்வெளியை.

ஊர் நடுவே நாற்சந்தி. நாற்புறமும் நின்றே செல்லவேண்டிய விதி. நின்ற கண்கள் நேரே சென்று விழும் இடம், ஏக்னஸ் வீப் அம்மாளின் வீட்டு முன்றில். அதில் பலகை நட்டவன் ஊரையே வென்றவன். சென்ற இரு தேர்தல்களிலும் அதைச் சிவப்புக் கட்சியின் நோரீன் ஷார்ட்ராண்ட் கவர்ந்தாள். இம்முறையும் இழந்தால் தளபதிப் பதவி மைத்துனன் வெண்டலுக்கு என்று தொகுதித் தலைமை ஓலை விடுத்திருந்தது. ஒவ்வொரு பண்டிகை விருந்திலும் வெண்டலின் வெற்றிச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே உருளைக்கிழங்கு மசியல் உண்பதினும் வீரசுவர்க்கமே மேல் அன்றோ?

ஏக்னஸ் அம்மாளின் தீர்ப்பு தெளிவானது. "தேர்தல்னு அறிவிச்ச பிறகு யாரு முதல்ல வர்றீங்களோ, நட்டுக்கோங்க. உங்க ரெண்டு பேரையும் எனக்குப் பிடிக்கும். ரெண்டு கட்சியையும்தான் பிடிக்கல."

பங்குனிக் குளிர் விடாத ஒரு ஞாயிறு முற்பகல் வானொலி அறிவித்தது. அரசு கவிழ்ந்தது, தேர்தல் வந்தது. மடை திறந்த வெள்ளமென, வில்விட்ட கணையென, வேக வரம்பை அணுவளவும் மீறாது பாய்ந்தது டெல்பர்ட்டின் பிக்கப் வண்டி. நாற்சந்தியை அவன் எட்டிய அதே கணத்தில், வலப்புறச் சாலையில், சிவப்புப் பலகைகள் சிலிர்த்தெழ வந்து நின்றது நோரீனின் வண்டி.

ஒரே நேரத்தில் வந்தால் வலப்புறம் நிற்பவர்க்கே வழி. அது சாலை விதி. நோரீன் போகலாம். ஆனால் போகவில்லை. எதிர்மூலைக் காப்பிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால், தேவாலயம் முடிந்து வந்த வாக்காளப் பெருமக்கள் டோனட்டும் கையுமாய் வரிசையாக நோக்கியிருந்தனர். முந்துபவர் முரடர் எனப்படுவார். முரடர் கட்சி வாக்கிழக்கும். நோரீன் வண்டிக் கண்ணாடியை இறக்கி, செங்கையுறை அணிந்த கையைத் தாமரையென விரித்து வீசினாள்.

"நீ போ டெல்பர்ட்."

அந்தோ, கொடிய அம்பு. டெல்பர்ட் நெஞ்சில் தாங்கினான், எதிரம்பு தொடுத்தான்.

"உனக்குத்தான் வழி நோரீன். நீ போம்மா."

"பரவால்லப்பா. நீங்கதான் ரெண்டு தடவையா காத்துக்கிட்டு இருக்கீங்க, பாவம்."

"காத்திருக்கிறது எங்களுக்குப் பழக்கம்தான். உங்க அரசாங்கம் கவுந்திருக்கு, வீட்ல துக்கம். நீ முன்னால போ."

காப்பிக்கடை கேட்டது, கணக்கிட்டது. பின்னால் வண்டிகள் திரண்டன, கடலலை அடுக்கியது போல. ஒருவரும் ஒலி எழுப்பவில்லை. டெல்பர்ட்டுக்குப் பின்னிருந்த கோதுமை விவசாயி மட்டும் இறங்கி வந்து, "என்ன, பேட்டரி செத்துப்போச்சா? கேபிள் தரட்டுமா?" என்று பரிவோடு கேட்டுப்போனார். கைகள் வீசின, தலைகள் தாழ்ந்தன, புன்னகைகள் உறைபனியில் உறைந்தன. பணிவில் தோற்பவர் எவருமில்லாத பாழும் போர்.

அவ்வேளை நடைபாதையில் தோன்றினாள் மிர்டில் சிகுர்ட்சன், ஓய்வுபெற்ற பள்ளி நூலகர், ஆரஞ்சுக் கட்சியின் முழுப்படையும் அவள் ஒருத்தியே. பிள்ளைகள் சறுக்கும் பனிச்சறுக்குப் பலகையில் எதையோ வைத்து, சாக்குப்போர்வை போர்த்தி இழுத்து வந்தவள், சாலை விளிம்பில் தயங்கினாள். நடப்பவர்க்கு வழிவிடுதல் குலதருமம். மறுப்பாரற்ற நற்பெயர் ஈட்டும் நல்வாய்ப்பெனக் கண்ட டெல்பர்ட், காப்பிக்கடை முழுதும் காண, மார்பு தாழக் குனிந்து கையசைத்தான். நோரீனும் அசைத்தாள். இரு பெரும் சேனைகளின் நடுவே, செங்கம்பளம் விரித்தாற்போல், மிர்டில் மெல்ல நடந்து கடந்தாள். ஏக்னஸ் அம்மாளின் முன்றிலேறிப் போர்வையை விலக்கினாள். உதயசூரியனென எழுந்தது ஓர் ஆரஞ்சுப் பலகை.

காப்பிக்கடையில் யாரோ கைதட்டினார்கள். கண்ணாடிக்குப் பின்னால், டோனட் மென்றபடி, வெண்டல் கையசைத்தான்.

மண்ணோ இன்னும் கல்லாய் உறைந்திருந்தது. மிர்டில் பலகையின் கம்பை அழுத்திப் பார்த்தாள், உதைத்துப் பார்த்தாள், பிறகு திரும்பி, "டெல்பர்ட் கண்ணு, உன்கிட்ட சுத்தியல் இருக்குமா?" என்றாள்.

இருந்தது, எடுத்துக் கொடுத்தான்.