துரைக்கு ஓர் எண்ணெய் முழுக்கு

பறவையின் தலையில் எண்ணெய் வைக்கக் கூடாது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. இன்றுவரை என் கட்சி இதுதான். வைக்கச் சொல்லி யார் சொன்னார்கள் என்று நீங்கள் கேட்டால், அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

எழுபதுகளில் கலியாணம் கட்டி நான் ரொறன்ரோவுக்கு வந்து இறங்கியபோது, ரெக்ஸ்டேலில் எங்கள் அப்பார்ட்மென்டின் முன்னறையை எனக்கு முதலே இருவர் பிடித்து வைத்திருந்தார்கள். இரண்டும் கனேரிப் பறவைகள். (மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தவர்கள் குடிக்கிறாரா, சீட்டாடுகிறாரா என்றெல்லாம் கேட்டார்கள். குருவி வளர்க்கிறாரா என்று ஒருவரும் கேட்கவில்லை.) ஒன்றின் தலையில், சிரட்டையைக் கவிழ்த்து வைத்ததுபோல வட்டமாக ஒரு கொண்டை. அதற்குத் துரை என்று பெயர் வைத்தேன். மற்றதற்குக் கொண்டையே கிடையாது, வழவழப்பான தலை. அதை மொட்டை என்று கூப்பிட்டேன்.

என் கணவருக்குத் துரைதான் உயிர். தொழிற்சாலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன் துரையின் கூட்டடியில் போய் நிற்பார். கொண்டை நடு உச்சியிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே சீராக விழ வேண்டும், எங்கேயும் பிளவு இருக்கக் கூடாது, கண்ணையும் மறைக்கக் கூடாது. அப்படி ஒன்று கிடைப்பதற்காக எத்தனையோ குஞ்சுகளைப் பார்த்துப் பார்த்துக் கழித்தவராம். என்னைத் தெரிவு செய்ய இவருக்கு ஒரு புகைப்படம் போதுமாக இருந்தது.

"அப்ப உந்த மொட்டை என்னத்துக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கொண்டைக்குக் கொண்டையைச் சோடி சேர்க்கக் கூடாதப்பா. முட்டைக்குள்ளையே குஞ்சு செத்துப்போம். கொண்டைக்கு மொட்டையைத்தான் கட்டி வைக்க வேணும்" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "வீட்டிலை ஒராளுக்குத்தான் கொண்டை" என்றார்.

நவம்பரில் கனேரி வளர்ப்பவர்களின் காட்சி வந்தது. போட்டிக்குப் புதியவர்களின் பறவைகளை, கொண்டை, மொட்டை என்று பிரிக்காமல் ஒரே வரிசையில்தான் பார்ப்பார்கள். முதலாம் பரிசின் சிவப்பு ரிப்பன் துரைக்குத்தான் என்று இவர் தொழிற்சாலை முழுக்கச் சொல்லிவிட்டார். ரிப்பன் தொங்கப் போகும் ஆணியும் சுவரில் அடித்தாயிற்று.

"மொட்டையை உம்மட பேரிலை போட்டிருக்கிறன். நீரும் சும்மா வந்து நிக்கிறதுக்கு ஒரு சாட்டு" என்றார்.

காட்சிக்கு முதல்நாள் இவருக்கு மேலதிக வேலை. வெளிக்கிடும்போது வாசலில் நின்று, "துரையைக் குளிக்க வார்த்துவிடும். இளஞ்சூட்டுத் தண்ணி. நாளைக்குச் சபையிலை நிக்கப்போற பிள்ளை, வடிவா வார்த்துவிடும்" என்றார்.

"ஓம், நீங்கள் யோசியாமல் போட்டு வாங்கோ."

எனக்குத் தலைகால் புரியவில்லை. துரையைத் தொடுவதற்கு அன்றுதான் முதல் அனுமதி. குருவி, கூடு, தினை என்று இவர் வாழ்ந்துகொண்டிருந்த அந்த உலகத்தில் எனக்கும் ஒரு மூலை கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவள் நான்.

பெரிய நாளுக்கு முழுக்கென்றால் எங்கள் வீட்டில் எண்ணெய் வைத்துத்தான். கறிக்கு உப்புப் போடு என்று யாராவது தனியாகச் சொல்வார்களா? அதுபோல எண்ணெயையும் இவர் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அம்மா தந்துவிட்ட நல்லெண்ணெய்ப் போத்தலின் அடியில் கொஞ்சம் இருந்தது. என் தலைக்கே வைக்காமல் பொத்திப் பொத்தி வைத்த எண்ணெய். அதை இளஞ்சூடாக்கி, துரையை ஒரு கையில் பிடித்து, உச்சியில் நன்றாகத் தேய்த்தேன். (துரை எதிர்த்தது. எண்ணெய் முழுக்கென்றால் எந்தப் பிள்ளைதான் எதிர்க்காது?)

பிறகு குளிக்க வார்த்தேன். எண்ணெய் போகவில்லை. சவர்க்காரம் போட்டேன். அதற்கும் அசையவில்லை. கொண்டை, பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்ட பெடியனின் தலைபோல நடுவகிடு எடுத்துப் படிந்து கிடந்தது. அப்போதும் நான் கலங்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்குக்குக் கடலை மா என்பது எங்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். தூவினேன். ஈரத்தில் மா குழைந்தது. கொஞ்ச நேரத்தில் என் கையில் இருந்தது கனேரி அல்ல, கொதி எண்ணெய்க்குக் காத்திருக்கும் பலகாரம்.

திரும்பவும் தண்ணீர், திரும்பவும் துவாய், விளக்கடியில் சூடு. மாலைக்குள் துரையின் உடம்பு காய்ந்து பழையபடி துள்ளத் தொடங்கியது. கொண்டை மட்டும் எழும்பவே இல்லை. போர்வையால் கூட்டை மூடினேன்.

"எங்கை, ஒருக்காப் பாப்பம்" என்று இவர் வந்ததும் வராததுமாகப் போர்வையில் கை வைத்தார்.

"ஐயோ, திறவாதேங்கோ! குளிர் பிடிச்சிடும். இப்பதான் கண் அயருது."

இவர் நெகிழ்ந்துபோனார். "நல்ல மனிசி நீர்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எனக்கு வாய் திறக்க மனம் வரவில்லை.

காலையில் குளிருக்காகப் போர்வையோடேயே துரையின் கூட்டையும், பக்கத்தில் மொட்டையின் கூட்டையும் காரில் ஏற்றினோம். மண்டபத்தில் துரையின் கூட்டை மேசையில் வைத்து, கோட்டுப் பொத்தானைப் பூட்டி, கண்காட்சியைத் திறந்து வைக்கும் மந்திரியைப்போல இவர் போர்வையை இழுத்தார்.

துரை நிமிர்ந்து நின்றது. நடுவகிடு. நெற்றியில் காய்ந்த மாவால் ஒரு பொட்டு. சபையைக் கண்ட குஷியில் தொண்டையைத் திறந்து பாடவும் தொடங்கியது. அப்படி அது ஒருநாளும் பாடியதில்லை. (அந்தப் போட்டியில் பாட்டுக்குப் புள்ளி கிடையாது.)

"என்னப்பா இது?" இவருடைய குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"எண்ணெய்..."

"என்ன எண்ணெய்?"

"நல்லெண்ணெய்தான்" என்றேன், மலிவான எண்ணெய் என்று கோபிக்கிறாரோ என்ற பயத்தில்.

நடுவர் ஒரு பெரிய மீசைக்காரர். கூட்டின் முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். குனிந்து மூக்கை வைத்து மணந்து பார்த்தார். "மன்னிக்க வேண்டும், சமையலைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்தீர்களா?" என்று ஆங்கிலத்தில் மிக மரியாதையாகக் கேட்டார். சுற்றி நின்றவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இவருடைய முகத்தைப் பார்த்ததும் அழுகையும் வந்தது. முகத்தைத் துடைக்க எடுத்த ஒரே கைலேஞ்சிக்குள் இரண்டையும் அடக்கினேன்.

துரை கடைசி. முதலாமிடம் மொட்டைக்கு! ஒருவரும் தொடாமல், எண்ணெய் வைக்காமல் விட்டதில், உருண்டு திரண்டு பளபளவென்று இருந்தது அது. நடுவர் என் பெயரைக் கடித்துக் குதறி வாசித்து, சிவப்பு ரிப்பனை என் கோட்டில் குத்திவிட்டார். பக்கத்தில் இவர் மரம்போல நின்றார்.

 காரில் திரும்பும்போது பாதி வழியில் இவருடைய தோள் குலுங்குவதைக் கண்டேன். அழுகிறார் என்று நினைத்தேன். பார்த்தால் சிரிப்பு. காரை ஓரமாக நிறுத்த வேண்டிய அளவுக்குச் சிரிப்பு.

"உண்மையைச் சொல்லும். ரிப்பனைத் தட்டிப் பறிக்கத்தானே என்ரை குருவிக்கு எண்ணெய் வைச்சனீர்?"

இவர் அடித்த ஆணியில் என் ரிப்பன் தொங்கியது. அடுத்த காட்சியிலிருந்து குளிக்க வார்ப்பது இவர், கூட்டைத் துடைப்பது நான் என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். வீட்டுக்கு யார் வந்தாலும் இவர் அந்தச் சதிக் கதையைச் சொல்லாமல் தேத்தண்ணி குடிக்க விடமாட்டார். இங்கே பிறந்து வளர்ந்த எங்கள் மகளும் தன் பங்குக்கு, "அம்மா, யூ டோட்டலி சீட்டட்!" என்று எனக்கு ஏமாற்றுக்காரிப் பட்டம் கட்டுவாள்.

கனகாலம் நான் மறுத்துப் பார்த்தேன். மறுத்தால் நான் முட்டாள், ஒத்துக்கொண்டால் சதிகாரி. யோசித்துப் பார்த்ததில் சதிகாரிக்குத்தான் மரியாதை அதிகம். அதனால் இப்போதெல்லாம், "ஓம், வேணுமெண்டுதான் வைச்சனான். வீட்டிலை ஒராளுக்குத்தான் கொண்டை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?" என்று கேட்டுவிடுவேன்.

 இவர் தன் வழுக்கையைத் தடவிக்கொள்வார்.