ஓட்டையில்லாத அரைக்கீரை

போன ஆடி மாதம், மாரியம்மன் கோயிலில் கூழ் வாங்க வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் தூக்குவாளியோடு நின்ற கீரைக்காரச் சந்திரமதி சொன்ன கதை இது. கூழ் ஊற்றுவதற்குள் அவள் சொல்லி முடித்துவிட்டாள். எனக்குத்தான் இன்னும் முடியவில்லை.

ஒரு காட்டில் மரத்துக்கு மரம் அடுக்குமாடி. மண்ணில் கால் வைக்கிற பிராணிகளே குறைந்துபோக, எல்லோருக்கும் இயற்கைக் காய்கறி மேல் ஆசை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் தெருவை மறித்துச் சந்தை போட்டார்கள்.

அங்கே ஒரு முயல், தன் வளைக்குப் பக்கத்தில் விளைந்த அரைக்கீரையை விற்க வந்தது. மருந்து அடிக்காது. காலையில் எழுந்து, சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே இலை இலையாகத் திருப்பிப் பார்த்துப் பூச்சியைக் கையால் எடுத்துவிடும். அதனால் இலையில் ஓட்டையே இருக்காது.

அதுதான் வம்பாகிவிட்டது.

"பூச்சி அரிச்ச ஓட்டை ஒண்ணுகூட இல்லையே. மருந்து அடிச்சிருக்கீங்க" என்றது வாங்க வந்த மான்.

"இல்லம்மா, கையால எடுத்தேன்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்று மான் பக்கத்து நரியின் கடைக்குப் போய்விட்டது.

நரியின் கீரை மூன்று காடு தாண்டியிருக்கும் குளிர்க்கிடங்கிலிருந்து லாரியில் வருவது. இறங்கியதும், ஆபீசில் காகிதத்துக்கு ஓட்டை போடும் கருவியால் நரி இலைக்கு இரண்டு ஓட்டை போட்டுவிடும்.

"எவ்வளவு ஒழுக்கமான பூச்சி பாருங்க" என்று மெச்சிக்கொண்டே மான் வாங்கியது.

மூன்று ஞாயிறு ஒரு கட்டுகூட விற்காத கடையைப் பறித்துவிடுவது சந்தை விதி. முயலுக்கு இரண்டு ஞாயிறு போய்விட்டது. வளையில் ஆறு குட்டிகள். வேறு பிழைப்பு இல்லை.

மூன்றாவது ஞாயிறு அது, இயற்கைக் கீரைதான் என்று முத்திரை குத்தித் தரும் சந்தைச் சான்று அதிகாரியிடம் போனது. அதிகாரி ஒரு கம்பளிப்பூச்சி. மேலே மின்விசிறி, முன்னால் டீயும் பிஸ்கட்டும்.

"ஐயா, நீங்க வந்து ரெண்டு கடி கடிச்சுக் குடுத்தா புண்ணியமாப் போகும்."

"கீரையை விட்டு நாலு வருஷம் ஆச்சும்மா. வயித்துக்கு ஒத்துக்கறதில்ல."

"அப்ப நானே கடிச்சுக்கட்டுங்களா?"

"நீங்க கடிச்சா எச்சில். பூச்சி கடிச்சாத்தான் சான்று." முயலின் முகம் வாடியதைப் பார்த்து அவர் ஒரு படிவத்தை நீட்டினார். "வேணும்னா பூச்சின்னு பதிஞ்சுக்கோங்க."

"அதுக்கு ஆறு கால் வேணுமேங்க. எனக்கு நாலுதானே?"

கம்பளிப்பூச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "தலைமேல ரெண்டு நிக்குதே."

"அது காதுங்க."

"படிவத்துல காதுக்குக் கட்டம் இல்ல. காலுக்குத்தான் இருக்கு. ஆறுன்னு எழுதுங்க."

முயல் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஆறு என்று எழுதியது. இரண்டு நகல், ஒரு போட்டோ. முத்திரை விழுந்தது. கடைக்கு ஓடி, இலைக்கு ஒரு கடி கடித்து வைத்தது. அரை மணி நேரத்தில் அத்தனையும் விற்றுப்போனது. மான் மட்டுமே மூன்று கட்டு வாங்கியது.

காலிக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு முயல் ஆனந்தமாக அழுதுகொண்டிருந்தபோது கம்பளிப்பூச்சி வந்தார்.

"கடையைக் காலி பண்ணுங்கம்மா."

"அதான் வித்துட்டேனேங்க."

"வித்தீங்க, சரி. ஆனா பூச்சிக்குச் சந்தையில கடை கிடையாது."

"என் பிள்ளைங்க சாப்பாட்டுக்கு என்னங்க செய்வேன்?"

"வேலை போட்டாச்சு. என் பக்கத்து நாற்காலி. நரி மனு குடுத்திருக்கார், அவருக்கு நிறையக் கடி வேணுமாம்."

அன்று முதல் முயல் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, லாரியில் வந்த கீரையைக் கடித்துக் கடித்து அடுக்குகிறது. வேளாவேளைக்கு டீ வருகிறது. குட்டிகளுக்கும் ஒரு குறையும் இல்லை. வளைப்பக்கத்து அரைக்கீரை முற்றிப் பூத்துக் கிடக்கிறது. பறிக்க யாருக்கு நேரம்?

நீதி: வளர்க்கிறவருக்குத் தரை, கடிக்கிறவருக்கு நாற்காலி. ஆகவே பிள்ளைகளே, பல்லை நன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்குச் சாயங்காலம் விளக்கேற்றும்போது, அந்த முயலுக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.