வேணாம் அண்ணன் எங்களுக்குக் கார் வாங்கிக் கொடுத்த கதை

ஒரு பொருளின் மேல் துளி ஆசைகூட இல்லாத மாதிரி நின்றுகொண்டு, கடைசியில் அதே பொருளோடு வீட்டுக்குத் திரும்பத் தெரிந்த ஒரே மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் விவேக் நகர் 'வேணாம்' அண்ணன்தான். இதை நான் கோவில் பீடத்துக்கு முன்னால் நின்றுகூடச் சொல்லுவேன்.

ஞானஸ்நானத்தில் அவருக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பது அவர் சம்சாரம் ரோசி அக்காவுக்கே கொஞ்சம் யோசித்தால்தான் வரும். தெருவுக்கு அவர் வேணாம் அண்ணன். பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிறவர். கல்யாணத்துக்கும் ஊதுவார், அடக்கத்துக்கும் ஊதுவார். பாட்டு மாறும், முகம் மாறாது. அந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் அவர் பெங்களூரையே பேரத்தில் ஜெயித்தார்.

தமிழ்க் கடைக்காரரிடம் "வேணாம்", கன்னடக்காரரிடம் "பேடா", சிவாஜி நகர் மார்க்கெட்டில் பாய் கடை என்றால் "நக்கோ". அவருக்குத் தெரிந்த வியாபாரம் அவ்வளவுதான். என்ன விலை என்று கேட்க மாட்டார். இவ்வளவுக்குக் கொடு என்றும் சொல்ல மாட்டார். எதிராளி விலை சொல்லுவான், இவர் வேணாம் என்பார். அவன் குறைப்பான், இவர் வேணாம் என்பார். கடைசியில் அவனே அழுதுகொண்டு பையில் போட்டுக் கொடுப்பான்.

ஒருமுறை மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு வர ஆட்டோ கேட்டிருக்கிறார். ஆட்டோக்காரர் சொன்ன தொகைக்கு வேணாம் சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார். ஆட்டோ பக்கத்திலேயே உருண்டு வந்தது.

"மீட்டருக்கு மேல அஞ்சு ரூபா குடு, போதும்."

"வேணாம்."

"சரிப்பா, மீட்டருக்கே வர்றேன். ஏறு."

"வேணாம்."

இப்படியே ஆஸ்டின் டவுன் தாண்டி, கோவில் தாண்டி, எங்கள் தெரு முனைக்கே வந்துவிட்டார்கள். "யோவ், பாதி மீட்டர் குடுய்யா, ஏறித் தொலைய்யா!" என்று அந்த ஆள் கத்தினார். அண்ணன் பையைக் கீழே வைத்துவிட்டு, "வேணாம், வீடு வந்துடுச்சு. உள்ள வா, தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார். அந்த ஆள் தண்ணியும் குடித்து, திட்டவும் திட்டிவிட்டுத்தான் போனார்.

ஒக்கலிபுரத்தில் பெண் பார்க்கப் போன கதையை ரோசி அக்காவே சொல்லிச் சிரிப்பார். கேசரி வந்ததாம், வேணாம். பஜ்ஜி வந்ததாம், வேணாம். "அப்ப பொண்ணு?" என்று மாமனார் கேட்க, பழக்க தோஷத்தில் வாய் அதையே சொல்லிவிட்டது. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "எனக்கும்தான் வேணாம். எழுந்து போகச் சொல்லுங்க." அண்ணனிடம் அதுவரை யாரும் அப்படித் திருப்பிச் சொன்னதில்லை. அங்கேயே உட்கார்ந்து கேசரியைத் தின்றுவிட்டு, கல்யாணத் தேதி குறித்துக்கொண்டுதான் எழுந்தாராம்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் பிழைப்பு ஒருநாள் போய் மாட்டியது.

நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். ஒரு ஃபேக்டரியில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த கொஞ்ச நாளில் ஃபேக்டரி வி.ஆர்.எஸ். கொடுத்து எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அந்த நேரம் ஊரெல்லாம் கால் சென்டர். ஆட்களை வீட்டிலிருந்து ஏற்றிப் போக, திரும்பக் கொண்டுவந்து விட மஞ்சள் போர்டு வண்டிகள் தேவைப்பட்டன. ஒரு காண்ட்ராக்டர், "புது வண்டி புக் பண்ணின ரசீதோட திங்கக்கிழமை காலையில வாங்க, இடம் இருக்கு. வரலைன்னா வேற ஆளுக்குப் போயிடும்" என்று சொல்லிவிட்டார்.

வி.ஆர்.எஸ். பணத்தில் கார் வாங்கலாம். ஆனால் டாக்சி வரி, பெர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் கட்ட வேண்டுமானால் விலையில் பதினைந்தாயிரம் குறைந்தாக வேண்டும். குறையாவிட்டால் வண்டி வீட்டு வாசலில் நிற்கும், ரோட்டில் இறங்காது. ஏற்கெனவே வட்டிக்கு வாங்கிச் சூடு பட்ட குடும்பம் எங்களுடையது. இனி கடன் கிடையாது என்று நானும் என் மனைவி மேரியும் பீடத்துக்கு முன்னால் வார்த்தை கொடுத்திருந்தோம். அந்தப் பதினைந்தாயிரத்தில்தான் எங்கள் வீட்டுச் சோறு தொங்கிக்கொண்டிருந்தது. வேணாம் அண்ணனிடம் போய் நின்றோம்.

சனிக்கிழமை, மாதக் கடைசி நாள். "இன்னைக்குத்தான் போகணும், அதுவும் கடை மூடுற நேரத்துக்கு" என்றார் அண்ணன். அதற்கு முன்னால் எங்களுக்கு ஒத்திகை வைத்தார். எங்கள் வீட்டு மர பெஞ்சைக் காட்டி, "இதான் கார். பாருங்க" என்றார்.

மேரி பார்த்தாள்.

"ஆசையா பாக்குறியேம்மா."

"அண்ணே, பெஞ்சைப் பாத்து எனக்கு இன்னாண்ணே ஆசை?"

"அதான். அங்க போயும் காரைப் பெஞ்சு மாதிரிப் பாக்கணும். தொடக் கூடாது. உள்ள உக்காரக் கூடாது. ஜூஸ் குடுப்பான், குடிச்சா போச்சு, நாக்குல ஈரம் இருந்தா வாயில வேணாம் வராது. அடக்கத்துக்குப் போற முகத்தோட வரணும். புரிஞ்சுதா?"

நாங்கள் புரிந்துகொண்டது கொஞ்சம் அதிகமாகிவிட்டது. ஷோரூம் வாசலில் எங்களைப் பார்த்த சேல்ஸ் பெண் சுமா பதறிப்போய், "சார், வீட்ல யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டாள். அண்ணன் திருப்தியாகத் தலையாட்டினார்.

உள்ளே கண்ணாடி மாதிரித் தரை. நடுவில் வெள்ளை நிறத்தில் அந்த வண்டி. மாதாவே, சத்தியமாகச் சொல்கிறேன், பெஞ்சு மாதிரி அது துளியும் இல்லை. நான் கூரையில் ஓடிய ஃபேனைப் பார்த்துக்கொண்டேன்.

மானேஜர் வந்தார். டை கட்டியவர், சிரித்த முகம், தமிழும் கன்னடமும் கலந்த பேச்சு. சீட் கவர் ஃப்ரீ என்றார். வேணாம். மேட் ஃப்ரீ. வேணாம். டேஷ்போர்டில் வைக்கப் பிள்ளையார் ஃப்ரீ என்றவர், மேரியின் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, "குருசு வேணும்னா குருசே போட்டுக் குடுக்கிறேன் சார்" என்றார்.

"வேணாம். ரூபாயில குறைங்க" என்றார் அண்ணன். பேரத்தின் நடுவில் அவர் வாயிலிருந்து அத்தனை வார்த்தை ஒன்றாக வந்து நான் கேட்டதில்லை.

ஐந்தாயிரம் குறைந்தது. வேணாம். ஏழு குறைந்தது. வேணாம். "ஆகல்ல சார், இதுக்கு மேல ஒரு பைசா முடியாது" என்று மானேஜர் ஃபைலை மூடினார். அண்ணன் எழுந்தார். கதவைப் பார்த்து நடந்தார்.

நாங்களும் பின்னால் நடக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. ஆனால் என் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. திங்கட்கிழமை காண்ட்ராக்டர் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. மேரிதான் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மூன்று பேரும் ஊர்வலம் போல வாசல்வரை போய்விட்டோம். பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

அண்ணன் வாசலில் குனிந்து, ஷூ லேஸ் கட்டுவது போலக் காலடியில் எதையோ செய்தார். அவர் போட்டிருந்தது ரப்பர் செருப்பு.

"அண்ணே, கூப்பிடலைன்னா?" என்றேன்.

"கூப்பிடுவான்."

"கூப்பிடலைன்னா?"

"இன்னொரு செருப்பு இருக்குதுல்ல, அதையும் கட்டுவேன்."

இரண்டாவது செருப்பும் முடியப் போகிற நேரம். நான் மனசுக்குள் 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தைத் தொடங்கி, பாதியில் மறந்து, திரும்பத் தொடங்கினேன்.

"சார், ஒந்து நிமிஷ!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

திரும்பி உட்கார்ந்தோம். பத்து. வேணாம். பன்னிரண்டு. வேணாம். மானேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்" என்று கண்ணாடி அறைக்குள் போய் போனை எடுத்தார். வெளியே வாட்ச்மேன் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். "வழிக்கு வந்துட்டான். முகத்தை மட்டும் கீழே போடாம புடிச்சுக்கோ" என்று அண்ணன் என் தொடையைத் தட்டினார்.

அப்போதுதான் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். மேரியைக் காணோம்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. நடு ஷோரூமில், அந்த வெள்ளை வண்டியின் முன் கதவு திறந்திருந்தது. உள்ளே கண்ணாடியில் மேரியின் ஜெபமாலை தொங்கியது. கோவிலில் நவநாள் பூசையில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த மாலை. மேரி வெளியே நின்று பானெட்டில் கட்டைவிரலால் சிலுவை போட்டுவிட்டு, அதன்மேல் இரண்டு கையையும் வைத்து, கண்ணை மூடி, கன்னமெல்லாம் கண்ணீராக வேண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தச் சுமாவும் கைகூப்பி நின்றாள்.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து மானேஜரும் அதைப் பார்த்தார். போனை வைத்தார். மெதுவாக நடந்து வந்தார். அவர் முகத்தில் பௌர்ணமி.

"முதலாளி முடியாதுன்னுட்டார் சார். பன்னிரண்டே ஜாஸ்தியாம், பத்துதான். மேடம் எப்படியும் பூஜையே முடிச்சுட்டாங்க."

வேணாம் அண்ணன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. டிரம்பெட்டுக்குள் துணி அடைத்த மாதிரி இருந்தது. எழுந்து போய், "மேரி, மாலையை எடும்மா. போலாம்" என்றார்.

"மாட்டேன்ணே. சாமி பேர்ல போட்டதை எப்படி எடுப்பேன்?"

"உன்னை இன்னா சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்? பெஞ்சுன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க. நான் எங்களுக்காக மட்டுமா வேண்டினேன்?" மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்தமாகவே சொன்னாள். "இந்தப் பொண்ணு பாவம்ணே. இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஒரு வண்டி போகலைன்னா இந்தக் கிளைக்கே டார்கெட் போயிடுமாம். அந்த சாருக்குக் காலையிலேர்ந்து முதலாளி போன்ல திட்டாம். சோறுகூட சாப்பிடலையாம் அவரு. அதான், எங்களுக்கும் கிடைக்கணும், அவங்களுக்கும் கணக்கு முடியணும்னு சேர்த்து வேண்டிக்கிட்டேன். தப்பா?"

சுமா தரையைப் பார்த்தாள். மானேஜர் முகத்துப் பௌர்ணமிக்குக் கிரகணம் பிடித்தது. அண்ணன் மெல்லத் திரும்பினார். அந்த அடக்க வீட்டு முகம் பழையபடி வந்து உட்கார்ந்துவிட்டது.

"சாப்பிடலையா சார்?" என்றார். நிஜமான அக்கறையோடுதான் கேட்டார். மானேஜர் சுமாவைத் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பொண்ணை ஒண்ணும் சொல்லாதீங்க. எங்க மேரி முன்னாடி யாரு நின்னாலும் மனசுல இருக்கிறதைக் கொட்டிடுவாங்க. போலீஸ்காரனே கொட்டியிருக்கான்."

பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். மானேஜரும் உட்கார்ந்தார். வாட்ச்மேன் ஷட்டரை இன்னும் ஒரு முழம் இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"பன்னிரண்டு."

"வேணாம்."

"பதிமூணரை சார். என் கமிஷனே போச்சு."

"வேணாம்."

மானேஜர் டையைத் தளர்த்தினார். ஜெபமாலையைப் பார்த்தார். மேரியைப் பார்த்தார். அவள் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அவர் பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார்.

"தொகளி சார், எடுத்துக்குங்க. பதினஞ்சு. எழுதட்டுமா?"

"வேணாம்" என்றார் அண்ணன்.

என் உயிர் ஒருதரம் வெளியே போய் ஷட்டருக்குக் கீழே நுழைந்து திரும்பி வந்தது. மானேஜரின் பேனா அந்தரத்தில் நின்றது. மேரி "ஐயோ அண்ணே!" என்று அலறினாள். அண்ணனுக்கே தூக்கிவாரிப்போட்டது. சொன்னது அவர் இல்லை, இத்தனை வருஷப் பழக்கம். மானேஜர் பேனாவை மூடப் போனார்.

அப்போது நடந்ததைத் தெருவில் இன்றைக்கும் யாரும் நம்பமாட்டார்கள். வேணாம் அண்ணன் மேஜைமேல் பாய்ந்து மானேஜரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வேணும் சார்! வேணும், வேணும், வேணும்! பேக்கு சார், பேக்கு! எழுதுங்க சார்!"

கன்னடத்திலும் சொல்லிவிட்டார், எங்கே புரியாமல் போய்விடுமோ என்று. மானேஜர் சிரித்த சிரிப்பில் டை முழுசாக அவிழ்ந்தது. ரசீது எழுதிய பிறகு சுமா ஜூஸ் கொண்டுவந்தாள். அண்ணன் வேணாம் என்றுவிட்டு இரண்டு கிளாஸ் குடித்தார். மானேஜரைச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் கிளம்பினோம். பக்கத்து ஓட்டலில் இட்லி. அதற்கு மட்டும் அண்ணன் பேரம் பேசவில்லை.

திங்கட்கிழமை ரசீதைக் காட்டினேன், இடம் கிடைத்தது. வண்டி வந்த வாரம் கோவில் வாசலில் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். முதல் சவாரிக்கு வரச்சொல்லி அண்ணனைக் கூப்பிட்டோம். "வேணாம்பா" என்ற குரல் முன் சீட்டிலிருந்து வந்தது. எப்போது ஏறினார் என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் நானும் மேரியும் ஒரு பேன்ட் சட்டைத் துணியும் பழமும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். வேணாம் என்றார். வழக்கம்தானே என்று நாங்கள் தட்டை நீட்டிக்கொண்டே நின்றோம். அவர் ஒரு பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, என் கையைத் தட்டோடு சேர்த்து என் பக்கமே தள்ளி, "வேணாம் தம்பி" என்றார். அந்த முகம் மாறியிருந்தது. அவர் வாழ்க்கையில் சொன்ன வேணாம்களிலேயே அது ஒன்றுதான் நிஜம்.

சில வருஷம் கழித்து அவரை அடக்கம் செய்த அன்று அவருடைய பேண்டு செட்டுதான் வாசித்தது. டிரம்பெட் இல்லாமல். நாங்கள் எல்லாரும் போனது அந்த வண்டியில்தான். இப்போதும் வியாழக்கிழமை நவநாளில் மேரி எங்களுக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று என்று இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். அவர் மேலேயிருந்து வேணாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார். சொல்லட்டும், நாங்கள் ஏற்றிக்கொண்டேதான் இருப்போம்.