மின்சாரத்தைச் சிக்கனமாகப் பாவித்தல்

கிட்ட வாருங்கள், கண்மணிகளே. வாசல் பக்கம் இருக்கிறவர்களும் உள்ளே நெருங்கி இருங்கள். நான் சொல்லப் போவது ஒரு பெருமையான கதை. பெருமையைத் தூரத்தில் இருந்து கேட்டால் காதில் பாதிதான் விழும்.

உலகத்திலே மின்சாரத்தை மிகச் சிக்கனமாகப் பாவித்த மக்கள் யார் என்று யாராவது கேட்டால் யப்பான்காரர், ஜேர்மன்காரர் என்று தடுமாறாதீர்கள். யாழ்ப்பாணத்தார் என்று தலையை நிமிர்த்திச் சொல்லுங்கள். சண்டையில் மின்சாரம் நின்ற தொண்ணூறாம் ஆண்டு தொடக்கம் எங்கள் குடாநாட்டில் ஒரு பல்பு வீணாக எரிந்தது என்று எவரும் விரல் நீட்ட முடியாது. வீதிக் கம்பியில் காகம் இருந்தது. கழற்றிக்கொண்டு வந்த கம்பியில் உடுப்புக் காய்ந்தது. பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றியிருந்து, மூக்குக்குள் கரி படியப் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட சனம் வேறெங்காவது உண்டா?

இத்தகைய ஊருக்குத்தான் 'கல்வித் தொழில்நுட்பம்' கப்பலேறி வந்தது.

பற்றரி வரக்கூடாது, அது பாதுகாப்புக்கு ஆபத்து. மண்ணெண்ணெயும் அளந்துதான் வரலாம். ஆனாலும் பெரிய மனம் படைத்த மேலிடம் எங்கள் ஆசிரிய கலாசாலைக்கு ஒரு 'மேந்தலை எறிகருவி'யை அனுப்பிவைத்தது. கண்ணாடி போன்ற தாளில் படத்தைக் கீறி அந்தப் பெட்டியின்மேல் வைத்து, உள்ளே விளக்கைப் போட்டால், படம் சுவரில் பெரிதாக விழும். வெளிச்சம் காட்டுகிற கருவி வரலாம், வெளிச்சம்தான் வரக்கூடாது. சட்டம் என்றால் அப்படித் தெளிவாக இருக்கவேண்டும்.

கருவியோடு, அதை வைத்துப் படிப்பிப்பதற்கென்று ஐந்தாம் வகுப்புப் பாடம் ஒன்றும் விதிக்கப்பட்டு வந்தது. பாடத்தின் பெயர்: 'வீட்டில் மின்சாரத்தைச் சிக்கனமாகப் பாவித்தல்'.

கருவியைப் பொறுப்பெடுத்தவர் விரிவுரையாளர் இராசநாயகம். அதற்கு வெள்ளைத் துணியில் உறை தைப்பித்தார். வாணி விழாவன்று புத்தகங்களோடு அதையும் வைத்துச் சந்தனப் பொட்டும் இட்டார். பொட்டு அழியாமல் இருக்கவேண்டும் என்று பிறகு அந்தப் பக்கத்தைத் துடைக்கவும் விடவில்லை. கரண்ட் இல்லை என்பதற்காகப் பாடத்தை நிறுத்தினால் அந்தப் பாடத்துக்குரிய விரிவுரையாளரையும் நிறுத்தி விடுவார்கள் அல்லவா? அதனால் அவர் மின்சாரம் தேவைப்படாத ஒரு பயிற்சி முறையைக் கண்டுபிடித்தார்.

முதலில் பிளக்கைச் சுவரில் செருகவேண்டும். சுவிச்சைப் போடவேண்டும். பல்பு சூடாகும்வரை காத்திருக்கவேண்டும். பிறகு வெறுஞ்சுவரைப் பார்த்து, "படம் தெளிவாகத் தெரிகிறதா?" என்று கேட்கவேண்டும். வகுப்பு, "தெரிகிறது" என்று சொல்லவேண்டும். படத்தின் தெளிவுக்குத் தனிப் புள்ளி.

இந்தக் கலையில் பயிற்சி ஆசிரியைகளுக்குள் செல்வநாயகியை வெல்ல ஆளில்லை. தென்மராட்சித் தோட்டக்காரர் வீட்டுப் பெண். சுவிச்சைத் தட்டியதும் கண்ணைச் சுருக்கி, கையை நெற்றிக்கு வைத்துக்கொள்வாள்.

"என்ன பிள்ளை?" என்பார் இராசநாயகம்.

"கண் கூசுது சேர். வெளிச்சம் கொஞ்சம் கூடிப்போச்சு."

"பாருங்கோ, உதுதான் ஈடுபாடு," என்று அவர் மற்றவர்களுக்குக் காட்டுவார்.

எங்கள் கதைக்குரிய பெர்னடெட்டுக்கு இது வரவேயில்லை. குருநகர்ப் பெண். கடலுக்குப் போகத் தடை விழுந்த நாளிலிருந்து தகப்பன் நீக்கிலாப்பிள்ளையின் வள்ளம் கரையில் குப்புறக் கிடந்தது. தகப்பனும் வீட்டில் அநேகமாக அப்படித்தான் கிடந்தார். இவளுக்கு ஆசிரிய நியமனம் கிடைத்தால் அடுப்பு ஒழுங்காக எரியும். நியமனத்துக்கு எல்லாப் பாடத்திலும் சித்தியடைய வேண்டும். மற்றப் பாடங்களை அவள் தலைகீழாகச் சொல்லுவாள். இந்த ஒன்றில்தான் இடறியது.

"பிள்ளை, நீர் சுவரைப் பாக்கிறீர்," என்றார் இராசநாயகம்.

"ஓம் சேர்."

"சுவரைப் பாக்கக்கூடாது. படத்தைப் பாக்கவேணும்."

"சுவர்தானே சேர் கிடக்கு."

"உந்தக் கதையாலைதான் உமக்குப் புள்ளி விழுகுது. இறுதிப் பரீட்சையிலையும் உப்பிடி நிண்டீரெண்டால் நான் ஒண்டும் செய்யேலாது. வீட்டிலை ஆர் உழைக்கினம்?"

"ஒருத்தரும் இல்லைச் சேர்."

"அப்ப வடிவா யோசியும்."

அவள் வடிவாகத்தான் யோசித்தாள். டைனமோவில் எரியவைக்கலாமா என்று முதலில் கேட்டாள். ஊரிலுள்ள சைக்கிளை எல்லாம் கவிழ்த்து வைத்துச் சுற்றினாலும் அந்தப் பல்பு சிரிக்காது என்றார்கள். பிறகு ஒரு காலை, தாய் வாசலில் நின்று தலை வாரும்போது, கையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடி வெயிலை வாங்கி உள்சுவரில் எறிந்தது. பெர்னடெட் அந்த வெளிச்சத்தை இமை வெட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி, சுவரிலை மாதா தெரியிறாவோ?" என்றாள் தாய்.

"இல்லையம்மா. நியமனம் தெரியுது."

ஆசுப்பத்திரியில் எறிந்த எக்ஸ்ரே பிலிம் ஒன்றை வாங்கி, உரஞ்சி உரஞ்சிக் கழுவி, ஒளி ஊடுருவும் தாளாக்கினாள். அதில் ஒரு வீடு கீறினாள். யன்னல்களுக்கு மஞ்சள் மை. ஒரு கை சுவிச்சை நிறுத்தப் போகிறது. சிக்கனம் அல்லவா பாடம்.

பரீட்சை ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில். ஐந்தாம் வகுப்பில் பாதிப்பேர் அந்த ஊர்ப் பிள்ளைகள். மீதி, வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள். இந்த வகுப்புக்கு அனுபவம் பெரிது. முந்திய அணிகளில் பயின்றவர்கள் எல்லாரும் இங்கேதான் வந்து வெறுஞ்சுவர் காட்டிச் சித்தியடைந்தார்கள். எந்தப் பெரியவர் சுவரைக் காட்டினாலும் "தெளிவாகத் தெரிகிறது சேர்" என்று ஒரே குரலில் சொல்லப் பழகிய, அருமையான பிள்ளைகள்.

பரீட்சகராகக் கல்விக் கந்தோரிலிருந்து பஞ்சலிங்கம் வந்திருந்தார். யன்னல்களைச் சாக்கால் மூடி வகுப்பை இருட்டாக்கினார்கள். வெறுஞ்சுவர் இருட்டில்தான் தெளிவாகத் தெரியும்.

செல்வநாயகி முதலில் போனாள். கண் கூசியது, வகுப்புக்குத் தெரிந்தது, புள்ளி குவிந்தது. வெளியே வந்து பெர்னடெட்டின் காதுக்குள், "முகம் பாக்கிற கண்ணாடியைக் கொண்டா, நான் வெளியிலை நிண்டு பிடிக்கிறன்," என்றாள். "உனக்குப் பொய் வராது. வராததைப் பிடிச்சுத் தள்ளி என்ன செய்யிறது?"

பெர்னடெட் பல்பைக் கழற்றிவிட்டு, வீடு கீறிய பிலிமைக் கருவியின்மேல் வைத்தாள். சாக்கின் ஓர் ஓரத்தை உயர்த்தினாள். வெளியே முற்றத்தில் செல்வநாயகி கண்ணாடியைச் சாய்த்தாள். வெயில் உள்ளே பாய்ந்து, கருவியின் வயிற்றுக்குள் புகுந்து, மேலே ஏறி, சுவரில் விழுந்தது.

வீடு வந்தது. சுவர் அகலத்துக்கு வீடு. யன்னல் எல்லாம் மஞ்சளாக எரிந்தது.

முன்வாங்கிலிருந்து சிசிலியா எழுந்தாள். மயிலிட்டியை விட்டு இடம்பெயர்ந்த பிள்ளை, இப்போது கோவில் மடத்தில் குடியிருப்பு.

"ரீச்சர், சுவரிலை ஏதோ ஊத்தை பிரண்டு கிடக்கு."

"ஊத்தை இல்லையம்மா. படம். வடிவாப் பார்."

சிசிலியா பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். வாங்குகள் ஒவ்வொன்றாகச் சுவரை நோக்கி நகர்ந்தன.

"ரீச்சர், அந்த வீட்டிலை ஆரோ இருக்கினம்போலை," என்றாள் சிசிலியா மெல்ல. "லைற் எரியுது."

பெர்னடெட் படத்தில் சுவிச்சை நிறுத்தப் போகிற கையைப் பார்த்தாள். இந்த விளக்கை அணைக்கச் சொல்லியல்லவா அவள் படிப்பிக்க வேண்டும்?

பஞ்சலிங்கம் எழுந்து வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய கைமேல் மஞ்சள் யன்னல் விழுந்தது. கையை உதறினார்.

"இந்த வெளிச்சம் எங்கையிருந்து வருது?"

"வெயில் சேர்."

"சுவிச்சுப் போட்டனீரோ?"

"இல்லைச் சேர்."

"அப்ப சுவிச்சுக்குரிய புள்ளி இல்லை. பல்பு சூடாகுமட்டும் நிண்டனீரோ?"

"பல்பைக் கழட்டி வைச்சிட்டன் சேர்."

"அரசாங்கச் சொத்தைக் கழட்டியும் போட்டீர்." அவர் மூக்கால் பெருமூச்சு விட்டார். "வெயிலிலை படம் காட்டுறது தொழில்நுட்பம் இல்லைப் பிள்ளை. வெயிலிலை வத்தல்தான் காயப்போடுறது."

இராசநாயகம் அவளை வெளியே மாமரத்தடிக்குக் கூட்டிப்போனார். அவருடைய குரல் இறங்கியிருந்தது.

"உமக்குச் சித்தி தந்தமெண்டால், முந்திச் சித்தியடைஞ்சவையை என்ன செய்யிறது? எல்லாரும் இப்ப ரீச்சர்மார். உந்தா, கண்ணாடி பிடிச்சுக்கொண்டு நிக்கிற செல்வநாயகியை என்ன செய்யிறது? ஒரு படம் தெரிஞ்சுதெண்டால், இவ்வளவு நாளும் தெரியேல்லையெண்டாகிப் போமெல்லோ?"

"நான் அப்பிடி நினைச்சுச் செய்யேல்லைச் சேர்."

"எனக்குத் தெரியும். பின்னேரம் ஒருக்கா முறைப்படி செய்யும். பல்பைப் பூட்டும், கண்ணாடியைத் தாரும், சாக்கை மூடும். ஒரு சொல்லுத்தான். உம்மடை அப்பாவை நினைச்சுக்கொண்டு சொல்லும்."

பின்னேரம் எல்லாம் முறைப்படி நடந்தது. பிளக்குச் செருகப்பட்டது. சுவிச்சுப் போடப்பட்டது. பல்பு சூடாகும்வரை மரியாதையோடு காத்திருந்தார்கள். பெர்னடெட் வகுப்பைப் பார்த்துக் கேட்டாள்:

"படம் தெளிவாகத் தெரிகிறதா?"

முந்திய அணிகள் எல்லாவற்றையும் கரைசேர்த்த அந்த வகுப்பு, முதல்முறையாகப் பேசாமல் இருந்தது.

"பிள்ளையள், தெரியுதோ?" என்று பஞ்சலிங்கம் தாமே கேட்டார்.

"இல்லைச் சேர்," என்றாள் சிசிலியா. "காலமைதான் தெரிஞ்சது."

"இல்லைச் சேர்," என்றது வகுப்பு. ஒரே குரலில்தான், அது பழக்கம்.

பஞ்சலிங்கம் மெல்லத் திரும்பினார். "நீர் சொல்லும் ரீச்சர். படம் இருக்கோ, இல்லையோ?"

அவர் முதல்முறையாக அவளை 'ரீச்சர்' என்றார், கவனித்தீர்களா? பெர்னடெட் சுவரைப் பார்த்தாள். வெறுஞ்சுவரில் அவளுக்குக் குப்புறக் கிடந்த வள்ளம் ஒன்று தெரிந்தது. ஆகவே அவள் சொன்னது முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

"ஓம் சேர். இருக்கு."

பிள்ளைகள் எல்லாரும் ஒருமிக்க அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கல்விக் கந்தோர் நீதி தவறாதது. ஆசிரியைக்குப் படம் தெரிந்திருக்கிறது, ஆகவே ஆசிரியை சித்தி. பரீட்சகரும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறார், ஆகவே கருவியில் பிழையில்லை. மாணவருக்குத் தெரியவில்லை, ஆகவே வகுப்பு முழுவதற்கும் 'பார்வைக் குறைபாடு'. பிள்ளைகளின் நலனில் அக்கறை கொண்டு, எல்லாருக்கும் மூக்குக் கண்ணாடி வேண்டும் என்று உடனடியாக மேலிடத்துக்கு எழுதினார்கள்.

மேலிடமும் சும்மா இருக்கவில்லை. கண்ணாடிகள் கப்பலில் வந்தன. வழியில் சோதித்தவர்கள், கண்ணாடி வில்லை வெயிலில் பளிச்சிடும், அது பாதுகாப்புக்கு ஆபத்து என்று கண்டு, வில்லைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, சட்டங்களைப் பத்திரமாக அனுப்பியிருந்தார்கள்.

அவற்றைக் கொடுக்கிற பொறுப்பு அந்தப் பள்ளிக்கூடத்துக்கே நியமனம் பெற்று வந்த புதிய ஆசிரியைக்கு விழுந்தது. நீக்கிலாப்பிள்ளை வீட்டில் அந்த மாதம் அடுப்பு ஒழுங்காக எரிந்தது, அதையும் சொல்லவேண்டும். பெர்னடெட் வாங்கு வாங்காகப் போய், ஒவ்வொரு பிள்ளையின் மூக்கிலும் வெறுஞ்சட்டத்தை வைத்துவிட்டாள். சிசிலியா சட்டத்துக்குள்ளால் விரலை விட்டுத் தன் கண்ணிமையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ரீச்சர், இப்ப தெரியுது."

"என்னம்மா தெரியுது?"

"நீங்கள்தான் ரீச்சர். வடிவாத் தெரியிறியள்."

அவ்வளவுதான் கண்மணிகளே, நான் சொல்ல வந்த பெருமை. இனி எழும்பிப் போங்கள், அம்மாமார் தேடப் போகிறார்கள். உங்கள் வீட்டில் சுவிச்சைப் போட்டால் விளக்கு எரியட்டும். எரியாத நாளில், எரியவில்லை என்று சொல்ல ஒரு பிள்ளை இருக்கட்டும். அந்தப் பிள்ளையின் மூக்கில் சட்டம் மாட்டிவிடாத பெரியவர் ஒருவராவது அந்த வீட்டில் நெடுங்காலம் சுகமாக வாழட்டும்.