குழந்தைக்காகச் செய்த நிலா

ஸ்கைலாப் என்கிற விண்வெளி நிலையம் ஆகாயத்திலிருந்து எப்போது விழும் என்று உலகம் தேதி குறித்துக்கொண்டிருந்த நாட்களில், அது கொழிஞ்சாம்பாறையில் ஏற்கெனவே விழுந்துவிட்டது என்று எனக்குச் செய்தி வந்தது. சொன்னவர் பெருமாட்டி ஊர்க்காரர் மாரப்பன்; லீவு முடிந்து, நான் வேலை செய்யும் பஹ்ரைனுக்குத் திரும்பியவர். அவரும் கண்ணால் பார்க்கவில்லை. பொள்ளாச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் வந்த அவருடைய மைத்துனர் பார்த்தாராம்: ஆறுச்சாமி வீட்டு வாசலில் ஆள் உயரத்துக்குத் தகதகவென்று ஒரு துண்டு, சுற்றிலும் நாலைந்து பெரியவர்கள், நடுவில் ஒரு குழந்தை அழுதுகொண்டு.

ஆறுச்சாமி என் மனைவி மயிலாத்தாளின் அண்ணன். அவளும் எங்கள் இரண்டரை வயது மகள் பூமாரியும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். நான் பள்ளியில் காலையில் மலையாளமும் மத்தியானம் தமிழும் படித்தவன். இரண்டு மொழியிலும் முறையாகப் பயப்படத் தெரியும். பன்னிரண்டு நாள் பயந்தேன். பதின்மூன்றாம் நாள் மயிலாத்தாளின் கடிதம் வந்தது. விழுந்தது ஸ்கைலாப் இல்லை. மச்சான் குழந்தைக்கு விளையாட்டுச் சாமான் செய்துகொண்டிருக்கிறார்.

அப்போதுதான் உண்மையிலேயே கலங்கினேன். ஸ்கைலாப் ஒருமுறைதான் விழும். இந்த இனம் தினமும் விழும்.

எந்த இனம் என்கிறீர்களா? குழந்தைக்கென்று ஒரு கிலுகிலுப்பை வாங்கி, அதை முதலில் தான் ஆட்டிப் பார்த்து, பிறகு பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆட்டிக் காட்டி, குழந்தை கையை நீட்டினால் "இரு, இப்படி ஆட்டக்கூடாது" என்று மறுபடியும் தானே ஆட்டி, அது அழத் தொடங்கியதும் "இதுக்கு வெளையாடவே தெரியலை" என்று வருத்தத்தோடு பரண்மேல் வைத்துவிடுகிற இனம். கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்தால் கையைத் தட்டிவிடலாம். இவர்கள் அன்பானவர்கள். அன்புக்கு என்ன மருந்து?

இந்த முறை விதை போட்டவன் நான்தான். இங்கே கம்பெனிக்காரர்களின் குழந்தைகள் இருக்கும் பள்ளியில் மின்விசிறி மாட்டப் போனபோது ஒன்று பார்த்தேன். தட்டு நிறைய மாவு, அதுதான் நிலா. கூழாங்கல்லைப் போட்டால் பள்ளம் விழுகிறது. பக்கத்தில் காகிதத்தில் சுருட்டிய ராக்கெட். நடை பழகி முடிக்காத பொடிசுகள் கையை முழங்கை வரை மாவுக்குள் விட்டுக்கொண்டு, அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருந்தன. பூமாரியும் இப்படி உட்கார வேண்டும் என்று தோன்றியது. வீட்டுக்கு எழுதினேன்: தாம்பாளத்தில் மாவைக் கொட்டு, குழந்தையை விடு. அவ்வளவுதான் எழுதினேன். கூடவே சின்னதாக ஒரு படம்.

படம் மச்சான் கையில் சிக்கிவிட்டது.

மாவை மூன்று முறை சலித்தாராம். பள்ளங்களைக் கல்லால் போடாமல் ஆழாக்கு, டம்ளர், பாக்குவெட்டியின் பிடி என்று வகைவகையாக அழுத்தினாராம். சின்னக்கானல் எஸ்டேட்டிலிருந்து டீக்கடைக்கு வரும் தேயிலைப் பெட்டிகளுக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளை உரித்துக்கொண்டு வந்து, கோழி கவிழ்க்கிற கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி, அதன்மேல் ஒட்டி, ராக்கெட்டை வாசலில் நிறுத்திவிட்டார். பஸ்ஸிலிருந்து மைத்துனர் பார்த்தது அதைத்தான். கோழிகள் அன்று முதல் வேப்பமரத்தில் தூங்குகின்றன.

பூமாரி? தினம் காலையில் எழுந்ததும் தாம்பாளத்தருகே வந்து இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பாள். கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

மயிலாத்தாள் கடிதத்தில் பேச்சைப் பேசியபடியே எழுதுவாள்.

"அண்ணா, புள்ள ஒருக்கா கை வெக்கட்டுங்க."

"வெக்கலாம் வெக்கலாம். மொதல்ல படியட்டும்."

"மாவு என்னங்கண்ணா படியறது?"

"நீ சும்மாயிரு அம்முணி. கண்ணு, அக்கட்டால நில்லு, மாமன் காட்டறேன்."

இந்த இனம் தனியாக வாழாது. ஒருவர் குனிந்தால் இன்னொருவர் வந்து பக்கத்தில் குந்துவார். வந்தவர் அடுத்த வீட்டு அரிசி மில் கந்தப்பன்.

"ஏனுங் ஆறுச்சாமி, நெலாவுல மொயலுக்குட்டி ஒண்ணு இருக்குமே, எங்கீங்க?"

"பக்கத்துல போனா தெரியாதுங்க."

"நீங்க எப்பப் போனீங்க?"

அன்று சாயங்காலமே நிலாவில் முயல் வந்தது. மறுநாள் கந்தப்பன், தண்ணி விட்டால் இதிலே நிலக்கடலை வருமா என்று கேட்டு, நாலு விதையையும் ஊன்றிவிட்டுப் போனார். பூமாரிக்கு அன்று இரண்டு வாழைப்பழம்.

இப்படியே ஒரு மாதம். ஒவ்வொரு கடிதத்தையும் நான் கடைசி வரியிலிருந்துதான் படிப்பேன். ஒவ்வொன்றிலும் கடைசி வரி ஒன்றே: "இன்னும் புள்ள கை வெக்கலைங்க."

பிறகு ஸ்கைலாப் விழுகிற நாள் வந்தது. அன்று பகலெல்லாம் ஊரே அண்ணாந்து நின்றது. கணவாய்க் காற்று வேட்டியைத் தலைக்குத் தூக்குகிறது. கந்தப்பன் மில்லை நிறுத்திவிட்டு வந்து, விழுந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று நடந்து அளந்து பார்க்கிறார். மச்சான் தன் ராக்கெட்டுக்குப் பக்கத்தில், சொந்தக்காரரை வரவேற்கிறவர் மாதிரி நிற்கிறார். வீட்டுக்குள் பெரியவர் ஒருவரும் இல்லை.

மயிலாத்தாள் மட்டும் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பூமாரி தாம்பாளத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் உள்ளே இருந்தன. மயிலாத்தாள் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள், வாசலுக்கு வந்தாள், மேற்கே கையைக் காட்டினாள்.

"அதா, அங்க என்னமோ மின்னலைங்களா அண்ணா?"

ஊர் முழுக்க மேற்கே பார்த்தது. அரை மணி நேரம். என் மனைவி பொய் சொல்லி நான் கேட்டதில்லை. இதைப் படித்தபோது அவளை இன்னொரு முறை கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றிருந்தது.

மச்சான் உள்ளே வந்தபோது நிலா இல்லை. முயல் இல்லை. மாவு தலையில், புருவத்தில், நடையில், சுவரில் ஓர் ஆள் கை எட்டாத உயரத்தில்கூட இருந்தது. அவர் குந்தினார். "இப்பிடியில்ல கண்ணு" என்று கையை நீட்டினார். பூமாரி அந்தக் கையை வாங்கி, தாம்பாளத்தில் மிச்சமிருந்த மாவுக்குள் அழுத்தி, மேலே அள்ளி அள்ளிப் போட்டு மூடி, தட்டிக்கொடுத்தாள். அசைத்தால் அழுதாள். ஆகவே அசைக்காமல் உட்கார்ந்தார். விளக்கு வைக்கும் வரை.

"அண்ணன் கையை எடுக்கவே இல்லைங்க" என்று எழுதியிருந்தாள் மயிலாத்தாள். "நல்லாத்தான் குளுகுளுன்னு இருக்குதுன்னு மட்டும் சொன்னாருங்க."

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கடைசி வரி மாறியிருந்தது: "அடுத்த வாரம் சனிக்கிரகம் பண்ணறாருங்களாம். வளையத்தோட."

அதைத் தடுக்கத்தான், கந்தப்பனின் மில்லுக்கு டிரங்க் கால் பதிந்துவிட்டு இங்கே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். குழந்தையை விட்டுவிடுங்கள், மச்சான் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சட்டைப் பையில் இருக்கிற காகிதம் வேறு விஷயம்: வளையத்தை மூங்கிலில் செய்தால் தொங்கிவிடும், பழைய சைக்கிள் ரிம்தான் சரி, அளவுகள் எல்லாம் போட்டிருக்கிறேன். சொன்னால் என்ன தப்பு?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கடைசியாக உங்கள் வீட்டுப் பொடிசு எதையோ இரண்டு கையாலும் பிசைந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்களே, எத்தனை நிமிஷம் சும்மா இருந்தீர்கள்?

"மணி அடிக்குது, ஆள் எடுக்கலை" என்கிறார் எக்ஸ்சேஞ்சுக்காரர். "கட் பண்ணட்டுமா?"

"வேண்டாம். இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும்."