குராஷிகிக்குக் குறுக்கு வழி

ரயில் விஷயத்தில் நான் ஒரு மேதை என்று பல வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தேன். வேறு யாரும் அப்படி நம்பவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நியூசிலாந்தில், கிளென் ஈடனிலிருந்து தினமும் ஒக்லண்ட் நகரத்துக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவன் நான். நிலையப் பலகையில் 'ரயில் வர மூன்று நிமிடம்' என்று போட்டால், கோப்பி வாங்கி, சீனி போட்டுக் கலக்கி, பாதி குடித்துவிட்டு வரலாம் என்பது என் அனுபவ ஞானம். இந்த ஞானத்தையும் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு, கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் நிறைந்ததற்காக மனைவி ரஞ்சியுடன் ஜப்பான் போனேன்.

ரஞ்சி கேட்டது ஒன்றே ஒன்று. குராஷிகி என்ற பழைய ஊரில், வெள்ளைச் சுவர்க் களஞ்சியங்களுக்கு நடுவே ஓடும் கால்வாயில் என்னோடு படகில் போகவேண்டும். (அவள் என்னிடம் கேட்ட முதல் விஷயமல்ல, நான் காதில் வாங்கிய முதல் விஷயம்.)

ஒகயாமா நிலையத்தில் ரயில் மாறவேண்டும். குராஷிகி ரயில் தயாராக நின்றது.

"இஞ்சேருங்கோ, ஏறுங்கோ."

"நீர் ஏறும். நான் கோப்பி வாங்கிக்கொண்டு வாறன். உது இப்ப வெளிக்கிடாது."

வெளிக்கிட்டது. ஒரு விநாடிகூடப் பிந்தவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரஞ்சி. இந்தப் பக்கம் இரண்டு கோப்பியோடு நான்.

பேசாமல் அடுத்த ரயிலில் போயிருக்கலாம். ஆனால் மேதைகள் காத்திருப்பதில்லையே! புல்லட் ரயிலின் அடுத்த நிறுத்தம் 'ஷின் குராஷிகி' என்று கண்டேன். 'ஷின்' என்றால் புதியது. புது நிலையம், பழைய ஊர், அப்படி என்ன தூரம் இருந்துவிடப் போகிறது? அவளுக்கு முன்னே போய் நின்று வரவேற்கலாம் என்று டிக்கெட் எடுத்து ஏறிவிட்டேன்.

இறங்கி வெளியே நடந்தால் வீடுகள், கார் தரிப்பிடம், ஒரு வயல். போன் அடித்தது.

"ரெண்டு டிக்கெட் எடுத்திட்டன். ரெண்டு மணிப் படகு. இண்டைக்கு இனி வேறை இடமில்லையாம். எங்கை நிக்கிறியள்?"

"கால்வாய்க்குப் பக்கத்திலைதான்."

பொய்யில்லை. வயலுக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால் காலடியில் ஓடியது.

"வெள்ளைச் சுவர் தெரியுதோ?"

"ஒரு பெற்றோல் அடிக்கிற செட் தெரியுது."

அவள் போனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சாதாரண ரயில் பிடித்துப் பழைய குராஷிகிக்கு வந்தேன். அது நேரத்துக்குத்தான் வந்தது, நான்தான் பிந்திவிட்டேன். சட்டையெல்லாம் கோப்பி வழிய ஓடிப் பாலத்தில் ஏறியபோது இரண்டு மணி தாண்டிவிட்டது.

படகு பாலத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு ரஞ்சி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், என் இடத்தில், சாப்பாட்டுப் பை.

"ரஞ்சி! ரஞ்சி!" என்று இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினேன். அவள் படகோட்டிக்கு என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். அவர் படகை நிறுத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ என்னைப் பார்த்து மிக மரியாதையாகக் குனிந்து வணங்கிவிட்டு, படகைக் கோலால் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

படகில் யாரோ எடுத்துக் கொடுத்த படம் இப்போது எங்கள் ஹாலில் பெரிதாகத் தொங்குகிறது. அதில் ரஞ்சியும் பையும் சிரித்துக்கொண்டு இருப்பதுபோல எனக்குத் தெரிகிறது.

இன்றைக்கும் குடும்பமாக எங்கேயாவது வெளிக்கிட்டால், மகள் சாப்பாட்டுப் பையைக் காரின் முன் சீட்டில் வைத்து, பெல்ட்டை இழுத்துப் போட்டுவிட்டு, "ஓகே அம்மா, டாட் இஸ் இன். லெட்ஸ் கோ!" என்கிறாள். நான் ஏறுமுன்னே ரஞ்சியும் காரை எடுத்துவிடுகிறாள்.