பத்துப் பொருத்தமும் ஐந்தாவது கலைப்பும்

"பத்துக்கு எட்டு" என்று ஜோதிடர் சொன்ன அந்த நொடியில்தான், விட்டுப்போன இரண்டு பொருத்தத்தையும் நானே வாங்கித் தந்துவிடுவது என்று முடிவு செய்தேன். (அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அந்த வயதில் மூளை வேலை செய்யாது. வேலை செய்கிற மாதிரி சத்தம் மட்டும் வரும்.)

சுதா அக்காவுக்கும் படப்பை மாப்பிள்ளை ரவிக்கும் ஜாதகம் பார்த்த நாள் அது. "எட்டே தாராளம்" என்றார் ஜோதிடர். அப்பாவுக்குச் சம்மதம். அக்காவுக்கு ரொம்பவே சம்மதம். மாப்பிள்ளையின் பெரியம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. படப்பையில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருப்பவர். மூட்டையைத் தூக்கிப் பார்த்தே ஒரு கிலோ குறைகிறது என்று சொல்லிவிடுவார்.

"எட்டுன்னா, மிச்சம் ரெண்டு இன்னா ஆச்சு?" என்று கேட்டார். ஜோதிடர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

நானோ அந்தச் சமயம் மேஜிக் மேதையாக உருவாகிக்கொண்டிருந்தேன். அரியர் பேப்பருக்கு நோட்ஸ் எடுப்பதாகச் சொல்லிவிட்டு, கிழக்குத் தாம்பரம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து சீட்டுக்கட்டு வித்தைகள் படித்துக்கொண்டிருந்தேன். அப்படிக் கிடைத்ததுதான் பொய்க் கலைப்பு.

விஷயம் எளிமையானது. சீட்டுக்கட்டில் மேலே சிவப்பு இருபத்தாறு, கீழே கறுப்பு இருபத்தாறு. கலைக்கும்போது, மேலே உள்ள சிவப்பில் பாதியை மொத்தமாக இடது கைக்குத் தள்ள வேண்டும். நடுப்பகுதியை மட்டும் ஒவ்வொன்றாக அதன் மேல் உருவிப் போட வேண்டும். சிவப்பு தீர்ந்து கறுப்பு வந்துவிட்டது என்று கை சொன்னதும், மிச்சத்தை அப்படியே மேலே வைத்துவிட வேண்டும். பார்ப்பவர்களுக்குக் கட்டு கலைந்து கந்தலானது போலிருக்கும். ஆனால் ஒரு சிவப்பு கூடக் கறுப்போடு சேர்ந்திருக்காது. ஒரே ஒரு சிக்கல்: ஒவ்வொரு கலைப்புக்கும் மேலே இருந்த நிறம் கீழே போய்விடும். ஆகவே சிவப்பு மேலே வேண்டுமென்றால் இரட்டைப்படையில் நிறுத்த வேண்டும்.

மூன்று மாதம் பயிற்சி. பார்வையாளர் சுதா அக்கா மட்டும். கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே பார்ப்பாள். "கை நடுங்குது", "உதட்டுல எண்ணாத", "நாலோட நிறுத்துடா எருமை" என்று விமர்சனம் வரும்.

நிச்சயதார்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில். நாலு மணிக்குள் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டு வேன் வழியில் பஞ்சராகி வந்து சேரும்போது நாலரை. ராகு காலம் தொடங்கிவிட்டது. இனி ஆறு மணிக்குத்தான். தட்டுகள் பாயில், ஜனங்கள் நாற்காலியில், ஒன்றரை மணி நேரம் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்ள வேண்டும். பெரியம்மா பக்கத்திலிருந்தவரிடம் "எட்டுதான் வந்துகீது" என்று மறுபடி ஆரம்பித்தார்.

எழுந்தேன். பாக்கெட்டிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தேன்.

"இப்ப ஒரு மனப்பொருத்தம் பார்க்கப்போறோம்!"

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் பட்டுப்புடவையே பொசுங்கியிருக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் சிவப்பா கறுப்பா என்று அவளை எழுதச் சொன்னேன். வித்தை தெரிந்தவள்தானே, 'சிவப்பு' என்று எழுதி, மாப்பிள்ளை தவிர எல்லோருக்கும் காட்டினாள். மாப்பிள்ளை சீட்டுக்கட்டிலிருந்து பத்துச் சீட்டு உருவ வேண்டும். பத்துப் பொருத்தத்துக்குப் பத்து. எல்லாம் அக்கா நினைத்த நிறமாகவே வரும். (நான் விசிறியாக விரிப்பது மேல்பாதியை மட்டும்தானே. எதை உருவினால் என்ன?)

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அழகாகக் கலைத்து நிறுத்தினேன்.

"இன்னா தம்பி, பட்டும் படாமலும் கலைக்கிற?" என்றார் பெரியம்மா. "இன்னொரு வாட்டி நல்லா கலைச்சுடு."

என் கலையைச் சந்தேகிப்பதா? ரோஷத்தோடு, முன் நான்கையும்விட அழகாக ஐந்தாவது முறை கலைத்தேன். அக்கா இருமினாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

மாப்பிள்ளை முதல் சீட்டை உருவினார். "தினப் பொருத்தம்!" என்று கத்தித் திருப்பினேன். கிளாவர் ஏழு. கறுப்பு.

ஒன்று வழுக்கிவிட்டது போல என்று நினைத்தேன். "கணப் பொருத்தம்!" இஸ்பேட் ராஜா. "மகேந்திரம்!" இஸ்பேட் இரண்டு. மூன்றாவதில்தான் எனக்குக் கணக்குப் புரிந்தது. ஐந்து ஒற்றைப்படை.

"இது போதும் மாமா, காபி சாப்பிடுங்க" என்றேன்.

"முழுசா பாத்துடலாம்பா" என்றார் பெரியம்மா. "நீதானே ஆரம்பிச்ச?"

மாப்பிள்ளை பாவம், அடுத்ததாவது சிவக்காதா என்று கண்ணை மூடி, மனசுக்குள் வேண்டி, விசிறியின் மூலைமுடுக்கெல்லாம் தேடி உருவினார். அத்தனையும் கறுப்பு. ஐந்தாவது பொருத்தத்தின் பெயரைச் சபையில் சொல்லக் கூசி "அடுத்தது" என்றேன். அதுவும் கறுப்பு. ரஜ்ஜு தாலி பாக்கியத்தைச் சொல்லும் பொருத்தம் என்பார்கள். அதற்கு வந்தது இஸ்பேட் ஆஸ். பத்தும் கறுப்பாகவே முடிந்தது.

"பத்துல ஒண்ணு கூடவா தேறல?" பெரியம்மாவின் கை அவர்கள் கொண்டுவந்த தட்டின் விளிம்பைப் பிடித்தது. "அதுவும் ராகு காலத்துல! டேய் ரவி, எனக்கு ஒரு மாதிரியா கீதுடா."

அப்பா என்னைப் பார்த்தார். பெற்ற பிள்ளையைக் காணாமல்போனவன் கணக்கில் சேர்க்கத் தயாராகிவிட்ட முகம்.

அப்போதுதான் அக்கா எழுந்தாள். "டேய், எத்தனை தடவை கலைச்ச?"

"அ... அஞ்சு."

"நாலோட நிறுத்துன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

என் கையிலிருந்து கட்டைப் பிடுங்கினாள். அந்தப் பத்தையும் மேலே வைத்து ஒரே ஒரு முறை கலைத்தாள். (என்னைவிட நன்றாக. கை நடுங்கவே இல்லை.) விரித்துப் பெரியம்மாவிடம் நீட்டினாள். "நீங்களே எடுங்க."

ஆட்டின், டைமண்ட், ஆட்டின், ஆட்டின். பத்தும் சிவப்பு.

"வெறும் கைவேலை பெரியம்மா. கறுப்பும் பொய், இந்தச் சிவப்பும் பொய். ஜோசியர் சொன்ன எட்டுதான் நிஜம்."

பெரியம்மா சீட்டையும் அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"பொண்ணு விவரமா கீது. இவன் குடுத்த சைபருக்கு அந்த எட்டு எவ்ளோ தேவல!"

ஆறு மணிக்குத் தட்டு மாறியது. ஆக, விட்டுப்போன இரண்டுக்கு வழி செய்தவன் நான்தான். இதை இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. மாறாக, சாம்பாரில் உப்புக் கூடினாலும், ஆட்டோக்காரர் கீழ்க்கட்டளை வழியாகச் சுற்றிப் போனாலும், எனக்கு இன்டர்வியூவில் வேலை கிடைக்காவிட்டாலும் எங்கள் வீட்டில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை தடவை கலைச்ச?"

மாமா மட்டும் அவ்வப்போது தனியாக அழைத்து, "மச்சான், நான் உருவினதுல தப்பு ஒண்ணும் இல்லையே?" என்று உறுதிப்படுத்திக்கொள்வார்.

அடுத்த மாதம் அக்கா மகளுக்குப் படப்பையில் காதுகுத்து. குழந்தை அழாமலிருக்க நான் வித்தை காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். பெரியம்மா முன்வரிசையில் இருப்பார். இந்த முறை ஆறோடு நிறுத்துவதாகத் திட்டம். அவர் எப்படியும் இன்னொரு வாட்டி என்பார், ஏழாகிவிடும். அதற்காகவே, யாரும் கேட்காமல் நானே ஒன்று கூடுதலாகக் கலைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

எட்டே தாராளம்.